துறவு மடத் தோட்டத்தின் கசப்புக் கொடி: ஹாப் வகைகளும் அவற்றின் குணங்களும்



குடிப்பழக்கத்தைக் கண்டித்து மறையுரை ஆற்றும் போதெல்லாம் குருக்களிடம் ஒரு கேள்வி வருவதுண்டு. "ஐரோப்பாவில் துறவிகளே பீர் காய்ச்சினார்களாமே, சுவாமி? திருச்சபையே அதற்கு ஆசி வழங்கியதாமே? பிறகு எங்களை மட்டும் ஏன் கண்டிக்கிறீர்கள்?" என்று சிலர் கேட்பார்கள். கேள்வியில் உள்ள செய்தி உண்மைதான். பழைய உரோமைச் சடங்கு நூலில் பீருக்கு ஆசி வழங்கும் மன்றாட்டு ஒன்று இருக்கிறது. துறவு மடங்கள் பல நூற்றாண்டுகளாகப் பீர் காய்ச்சியதும் உண்மையே. ஆனால் அத்துறவிகள் எதை, எப்படி, எந்த அளவோடு செய்தார்கள் என்பதை அறியாமல், பாதி உண்மையை மட்டும் நம் வசதிக்கு எடுத்துக்கொள்வது சரியாகாது.

இதைப் புரிந்துகொள்ள, பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப் என்னும் கொடியைப் பற்றி அறிந்துகொள்வது ஒரு நல்ல வழி. நம் நாட்டில் பலர் பெயரளவில் கூட அறியாத இக்கொடியின் வரலாற்றில் புனிதர்கள் இருக்கிறார்கள், ஆயர்கள் இருக்கிறார்கள், உழவர்களின் கண்ணீரும் இருக்கிறது.

ஹாப் என்பது என்ன?

ஹாப் பல ஆண்டுகள் வாழும் ஒரு கொடி. குளிர்காலத்தில் தரைக்கு மேலே உள்ள பகுதி மடிந்துவிடும். வேர் மட்டும் மண்ணுக்குள் உயிரோடு இருக்கும். இளவேனிலில் மீண்டும் துளிர்த்து, கம்பிகளைப் பற்றிக்கொண்டு 6, 7 மீட்டர் உயரம் வரை ஏறும். ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பெண் கொடியில் தோன்றும் பச்சை நிறக் கூம்புகளே பயன்படுகின்றன. ஆகவே ஜெர்மனியின் ஹாப் வட்டாரங்களில் ஆண் கொடிகளைக் கண்டால் அகற்றிவிடுகிறார்கள். ஆகஸ்டு இறுதியிலும் செப்டம்பரிலும் அறுவடை நடைபெறும்.

இது வளர்வதற்குக் கோடையில் நீண்ட பகலும், குளிர்காலத்தில் கடுங்குளிரும் தேவை. எனவேதான் வெப்ப நாடுகளின் சமவெளியில் இது செழிப்பதில்லை. இந்தியாவில் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கு போன்ற குளிர்ந்த மலைப் பகுதியில் மட்டுமே பயிராகிறது. கஞ்சாச் செடியும் ஹாப் கொடியும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. எனினும் கஞ்சாவில் உள்ள போதைப்பொருள் ஹாப்பில் இல்லை.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். பீரில் போதை தருவது ஹாப் அல்ல. முளைகட்டிய பார்லியிலிருந்து வரும் சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் புளிக்கச் செய்வதால் உண்டாகும் ஆல்கஹாலே போதை தருகிறது. அப்படியானால் ஹாப்பின் வேலை என்ன?

ஹாப் செய்யும் மூன்று வேலைகள்

முதலாவது, கசப்பு. ஹாப் கூம்பின் இதழ்களுக்கு அடியில் லுப்புலின் என்னும் மஞ்சள் நிறத் தூள் இருக்கிறது. இதில்தான் ஆல்ஃபா அமிலங்கள் உள்ளன. ஏறக்குறைய ஒரு மணி நேரம் கொதிக்க வைக்கும்போது இவை மாற்றமடைந்து கசப்பைத் தருகின்றன. பார்லிச் சாறு திகட்டும் இனிப்புடையது. ஹாப்பின் கசப்பே அதைச் சமன் செய்கிறது.

இரண்டாவது, மணம். ஹாப்பில் உள்ள எண்ணெய்கள் பூ, மூலிகை, பழம் போன்ற மணங்களைத் தருகின்றன. இவை விரைவில் ஆவியாகிவிடும் தன்மை உடையவை. எனவே மணத்திற்காகச் சேர்க்கும் ஹாப்பைக் கொதியின் இறுதியிலோ, ஆறிய பின்னரோதான் சேர்க்க வேண்டும். முதலிலேயே போட்டால் கசப்பு மிஞ்சும், மணம் போய்விடும்.

மூன்றாவது, காவல். பீரைப் புளித்துக் கெடச் செய்யும் பல நுண்ணுயிர்களை ஹாப்பின் கசப்புப் பொருள் வளரவிடாமல் தடுக்கிறது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் இதுவே மிகப் பெரிய நன்மையாக இருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்திலிருந்து சென்னை, கொல்கத்தா, மும்பை துறைமுகங்களுக்குப் பல மாதக் கடற்பயணத்தில் அனுப்பப்பட்ட பீரில் கூடுதலாக ஹாப் சேர்க்கப்பட்டதன் காரணமும் இதுவே.

இத்தனை வேலை செய்யும் கசப்புப் பொருளின் அளவு எவ்வளவு தெரியுமா? பெரும்பாலான பீர் வகைகளில் லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் மட்டுமே. கூடினால் குடிக்க முடியாது, குறைந்தால் திகட்டும்.

திருச்சபை வரலாற்றில் ஹாப்

ஹாப் பரவுவதற்கு முன்னர் ஐரோப்பாவில் பல மூலிகைகளின் கலவையைப் பீரில் சேர்த்தார்கள். இதற்கு குரூட் என்று பெயர். இதை விற்கும் உரிமையும் அதனால் வரும் வருமானமும் பல இடங்களில் ஆயர்களிடமும் பிரபுக்களிடமும் இருந்தன. எனவே ஹாப் பயன்பாட்டுக்கு வந்தபோது அது வெறும் சுவை மாற்றமாக இருக்கவில்லை. வருமானத்தைப் பாதிக்கும் மாற்றமாகவும் இருந்தது.

பீர் காய்ச்சுதலோடு ஹாப்பைத் தொடர்புபடுத்தும் மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்று பிரான்சு நாட்டின் கோர்பி துறவு மடத்தில் கிடைக்கிறது. அதன் தலைவரான புனித அடலார்டு 822-ஆம் ஆண்டில் எழுதிய மட ஒழுங்குகளில் ஹாப் பற்றிய குறிப்பு உள்ளது.

12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிங்கன் நகர் புனித ஹில்டெகார்டு, இயற்கைப் பொருள்களைப் பற்றித் தாம் எழுதிய நூலில் ஹாப் கொடியைப் பற்றிக் குறிப்பிடுகிறார். அதன் கசப்பு பானங்களைக் கெடாமல் காக்கிறது என்று சொல்லும் அவர், அது மனச்சோர்வை மிகுவிக்கும் என்றும் எச்சரிக்கிறார். ஒரே பொருளின் நன்மையையும் தீமையையும் ஒருசேரப் பார்த்த நிதானம் அவருடையது. இப்புனிதையைத் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் 2012-ஆம் ஆண்டு அக்டோபர் 7 அன்று திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார்.

1516-ஆம் ஆண்டில் பவேரியாவின் இங்கோல்ஸ்டட் நகரில் வெளியிடப்பட்ட புகழ்பெற்ற சட்டம், பார்லி, ஹாப், தண்ணீர் ஆகிய மூன்றை மட்டுமே பீரில் பயன்படுத்த வேண்டும் என்று கட்டளையிட்டது. ஈஸ்ட்டின் செயல்பாடு அக்காலத்தில் அறியப்படாததால் சட்டத்தில் அதற்கு இடமில்லை.

ஐரோப்பாவின் மண வகைகள்

மனிதருக்குள் குணம் வேறுபடுவது போல ஹாப் வகைகளும் குணத்தில் வேறுபடுகின்றன. ஆல்ஃபா அமிலத்தின் அளவைக் கொண்டு, அது குறைவாக உள்ளவற்றை மண வகைகள் என்றும், மிகுதியாக உள்ளவற்றைக் கசப்பு வகைகள் என்றும், இரண்டுக்கும் பயன்படுபவற்றை இருபயன் வகைகள் என்றும் பிரிப்பது வழக்கம்.

மண வகைகளில் நான்கினை வணிகர்கள் உயர்குடி ஹாப் என்று சிறப்பித்து அழைக்கிறார்கள். அவை சாட்ஸ், ஹல்லர்டாவர் மிட்டல்ஃப்ரூ, டெட்நாங்கர், ஸ்பால்டர் ஆகும். நான்கிலும் ஆல்ஃபா அமிலம் பொதுவாக 3 முதல் 5 விழுக்காடு அளவே இருக்கும். உரத்துப் பேசாத நல்ல மனிதரைப் போல இவற்றின் கசப்பு மென்மையானது.

சாட்ஸ் வகை செக் நாட்டின் ஜாட்டெட்ஸ் நகரைச் சுற்றி விளைகிறது. மென்மையான மூலிகை மணம் உடையது. 1842-இல் பில்சன் நகரில் தோன்றிய, பொன்னிறப் பில்ஸ்னர் பீருக்கு உரிய ஹாப் இதுவே. இந்நகரையும் இதன் ஹாப் நிலப்பரப்பையும் யுனெஸ்கோ 2023-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது.

ஹல்லர்டாவர் மிட்டல்ஃப்ரூ பவேரியாவின் ஹல்லர்டாவ் வட்டாரத்திற்கு உரியது. பூ மணமும் லேசான வாசனைப் பொருள்களின் மணமும் கலந்தது. டெட்நாங்கர் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரைப் பகுதியைச் சேர்ந்தது. சாட்ஸ் வகைக்கு நெருங்கிய உறவு. ஸ்பால்டர், ஸ்பால்ட் நகரைச் சேர்ந்தது. போலிச் சரக்கு கலவாமல் இருக்க, 1538-ஆம் ஆண்டிலேயே ஐக்ஸ்டட் ஆயர் இவ்வூர் ஹாப்புக்கு முத்திரை இடும் உரிமையை வழங்கினார். உழைப்பவனின் பொருளுக்கு நேர்மையான அடையாளம் தருவது அக்காலத்திலேயே ஆயரின் கவலையாக இருந்திருக்கிறது.

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் விளையும் கோல்டிங்ஸ் 18-ஆம் நூற்றாண்டு முதல் அறியப்படும் வகை. இதமான பூ மணமும் தேன் போன்ற சாயலும் கொண்டது. ஃபகிள் என்பது மண் வாசனையும் மரப்பட்டையின் வாசனையும் கொண்டது. ஸ்லொவேனியாவில் ஸ்டைரியன் கோல்டிங் என்ற பெயரில் ஒரு வகை பயிராகிறது. ஆனால் அது உண்மையில் கோல்டிங்ஸ் அல்ல, ஃபகிள் வகையே. பெயரைத் தவறாக வைத்துவிட்டாலும், புதிய மண்ணில் வேரூன்றித் தனக்கென ஒரு மணத்தை அது பெற்றுக்கொண்டது.

கசப்பு வகைகள்: ஒதுக்கப்பட்ட காட்டுக் கொடி

1916-ஆம் ஆண்டில் கனடாவின் மனிடோபா மாநிலத்திலுள்ள மோர்டன் என்ற ஊரில் காட்டில் வளர்ந்த ஒரு ஹாப் கொடியின் துண்டு, இங்கிலாந்தின் வை கல்லூரியில் பணிபுரிந்த பேராசிரியர் எர்னஸ்ட் சாமனுக்கு அனுப்பப்பட்டது. அதன் விதையிலிருந்து வந்த பிரூவர்ஸ் கோல்டு என்ற வகையை அவர் 1934-இல் வெளியிட்டார். ஆல்ஃபா அமிலம் மிகுந்த அக்கொடியின் முரட்டு மணத்தை ஆங்கிலேயப் பீர் காய்ச்சுவோர் விரும்பவில்லை. ஆயினும் இன்று உலகில் பயிராகும் கசப்பு வகைகளில் பலவற்றின் முன்னோர் வரிசையில் அந்தக் காட்டுக் கொடி இருக்கிறது. கட்டுவோர் விலக்கிய கல் மூலைக்கல்லானது பற்றித் திருப்பாடல் 118 சொல்வதை இது நினைவூட்டுகிறது.

அவ்வழியில் வந்தவற்றுள் ஒன்று ஜெர்மனியின் மாக்னம். இதில் ஆல்ஃபா அமிலம் 11 முதல் 16 விழுக்காடு வரை இருக்கும். கசப்பு சுத்தமானது, மணம் அதிகம் இல்லை. ஹெர்குலஸ் இன்னும் வலியது. 12 முதல் 17 விழுக்காடு வரை எட்டும். இவற்றைச் சிறிதளவு சேர்த்தாலே போதும். நார்தர்ன் பிரூவர், பெர்லே ஆகியவை கசப்புக்கும் மணத்துக்கும் பயன்படும் இருபயன் வகைகள்.

புதிய உலகின் பழ மணங்கள்

அமெரிக்காவில் ஒரேகான் மாநிலத்தில் உருவாக்கப்பட்டு 1972-இல் வெளியிடப்பட்ட கேஸ்கேட், ஹாப் வரலாற்றில் ஒரு திருப்பம். இங்கிலாந்தின் ஃபகிள் இதன் முன்னோர்களுள் ஒன்று. ஆனால் மணமோ பம்பளிமாஸ் பழத்தை ஒத்தது. இதைப் பின்பற்றி எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற மணங்கொண்ட சென்டெனியல், பைன் மரப் பிசின் மணங்கொண்ட சினூக் முதலியவை வந்தன. 2000-க்குப் பிறகு வந்த சிட்ராவில் மாம்பழம், லிச்சிப் பழ மணங்களும், மொசைக்கில் பல பழங்களின் கலவை மணமும் உண்டு.

இப்புதிய வகைகளில் பல, நிறுவனங்களின் தனியுரிமையில் உள்ளவை. உரிமையாளரின் இசைவின்றி எந்த உழவரும் அவற்றை நட முடியாது. பழைய வகைகளோ எவருக்கும் பொதுவானவை. விதையின் உரிமை யாருக்கு என்பது நெல்லைப் போலவே ஹாப்பிலும் எழும் கேள்வி.

நியூசிலாந்தின் நெல்சன் சோவின் வெள்ளைத் திராட்சை மணத்தை உடையது. ஆஸ்திரேலியாவின் கேலக்ஸி, பேஷன் பழ மணம் கொண்டது. ஜப்பானில் 1984-இல் உருவான சொராச்சி ஏஸ், எலுமிச்சையும் சதகுப்பையும் கலந்த வாசனை தருவது. பிறந்த நாட்டில் அதிகம் போற்றப்படாத இது, பின்னர் அமெரிக்காவில்தான் பெயர் பெற்றது.

பழைய ஹாப்புக்கும் பயன் உண்டு. காலம் செல்லச் செல்லக் கசப்பும் மணமும் குறையும் என்பதால் பொதுவாக ஹாப்பைக் காற்றுப் புகாமல் குளிரில் பாதுகாப்பார்கள். ஆனால் பெல்ஜியத்தில் லாம்பிக் என்னும் பீர் காய்ச்சுவோர், சில ஆண்டுகள் வைத்திருந்த முதிய ஹாப்பையே தேடிச் சேர்க்கிறார்கள். கசப்பு போன பிறகும் கெடாமல் காக்கும் ஆற்றல் அதில் எஞ்சியிருக்கிறது.

உழவரின் போராட்டம்

ஹாப் உழவரின் வாழ்வு எளிதானதல்ல. 1920-களில் அடிச்சாம்பல் நோய் ஜெர்மனியின் தோட்டங்களை அழித்தபோது, அதற்குத் தீர்வு காண 1926-இல் ஹாப் ஆராய்ச்சிக்கென ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. ஹல்லர்டாவ் வட்டாரத்து ஹ்யூல் கிராமத்தில் அதன் ஆய்வு நிலையம் இன்றும் இயங்குகிறது. பின்னர் வாடல் நோய் வந்து, ஹல்லர்டாவின் பெருமையான மிட்டல்ஃப்ரூ வகையைப் பெருமளவு அழித்தது. நோயைத் தாங்கும் பெர்லே போன்ற புதிய வகைகள் ஹ்யூலில் உருவாக்கப்பட்டன.

இன்றைய அச்சுறுத்தல் காலநிலை மாற்றம். 2022-ஆம் ஆண்டின் வறட்சியில் ஜெர்மனி, செக் ஆகிய இரு நாடுகளிலும் விளைச்சல் பெரிதும் குறைந்தது. 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, ஐரோப்பாவின் மரபான மண வகைகளின் விளைச்சல் 2050-க்குள் 4 முதல் 18 விழுக்காடு வரையும், அவற்றின் ஆல்ஃபா அமிலம் 20 முதல் 31 விழுக்காடு வரையும் குறையக்கூடும் என்று கணித்துள்ளது. துறவிகள் தொடங்கி எத்தனையோ தலைமுறைகள் பேணிய கொடி, நம் தலைமுறையின் பேராசையால் மெலிகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட இறைவா உமக்கே புகழ் என்ற திருமடல், பொது இல்லமாகிய பூமியைக் குறித்து எழுப்பிய கவலை இத்தோட்டங்களுக்கும் பொருந்தும்.

துறவிகள் கற்றுக்கொண்ட அளவு

இப்போது தொடக்கத்தில் கண்ட கேள்விக்கு வருவோம். துறவிகள் பீர் காய்ச்சினார்கள், உண்மைதான். ஆனால் அவர்கள் எந்த ஒழுங்கின் கீழ் வாழ்ந்தார்கள்?

நம் முன்னோர் ஆசீர்வாதப்பர் என்று அழைத்த புனித பெனடிக்ட், தமது ஒழுங்கு நூலின் 40-ஆம் அதிகாரத்தில் பானத்தின் அளவைப் பற்றிப் பேசுகிறார். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு சிறு அளவு திராட்சை இரசம் போதும் என்கிறார். முற்றிலும் விலகி இருக்கும் வரத்தைப் பெற்றவர்கள் அதற்குரிய கைம்மாறு பெறுவார்கள் என்கிறார். வேலையும் வெப்பமும் மிகும்போது சற்றுக் கூட்டித் தரத் தலைவருக்கு அனுமதி உண்டு. ஆனால் மிதமிஞ்சுவதற்கும் வெறிக்கும் இடம் கொடாதபடி அவர் விழிப்பாய் இருக்க வேண்டும். இறுதியாக, அந்தச் சிறு அளவும் கிடைக்காத இடத்தில் வாழ்கிறவர்கள் முணுமுணுக்காமல் கடவுளைப் புகழட்டும் என்று முடிக்கிறார்.

இன்றும் பெல்ஜியத்தில் டிராப்பிஸ்ட் துறவிகள் பீர் காய்ச்சுகிறார்கள். 1997-இல் நிறுவப்பட்ட அவர்களது பன்னாட்டுச் சங்கத்தின் விதிகள் தெளிவானவை. மடத்தின் சுற்றுக்குள், துறவிகளின் மேற்பார்வையில் மட்டுமே காய்ச்ச வேண்டும். இத்தொழில் துறவு வாழ்வுக்குக் கீழ்ப்பட்டே நிற்க வேண்டும். வருமானம் மடத்தின் தேவைக்கும் ஏழைகளின் உதவிக்கும் செலவிடப்பட வேண்டும். வெஸ்ட்விளெட்டரன் மடத்துத் துறவிகள், உலகமே தேடி வந்தும், தங்கள் வாழ்வுக்குப் போதுமான அளவுக்கு மேல் உற்பத்தியைப் பெருக்க மறுத்து வருகிறார்கள். எத்தனை வணிகர்கள் இப்படி "போதும்" என்பார்கள்?

ஆக, துறவிகளின் முன்மாதிரியைக் காட்டுகிறவர்கள் அதை முழுமையாகக் காட்ட வேண்டும். அவர்களது பீரைச் சொல்லிவிட்டு அவர்களது அளவை மறைக்கக் கூடாது.

நமக்கான சிந்தனை

ஹாப் கொடி பீருக்குள் செய்வது என்ன? மிதமிஞ்சிய இனிப்பை அடக்குகிறது, கெட்டுப்போவதைத் தடுக்கிறது. எந்த வகையை, எவ்வளவு, எந்த நேரத்தில் சேர்ப்பது என்பதே காய்ச்சுபவரின் ஞானம். மாக்னத்தைச் சாட்ஸ் போல அள்ளிப் போட்டால் எல்லாம் பாழ். மனித வாழ்விலும் ஒருவருக்குப் பொருந்தும் அளவு மற்றவருக்குப் பொருந்தாது. சிலருக்குச் சரியான அளவு என்பது ஒரு துளியும் தொடாமல் இருப்பதுதான்.

திராட்சை இரசத்தை அளவோடு குடிப்பது பற்றிச் சீராக்கின் ஞானம் 31-ஆம் அதிகாரம் கூறுகிறது. அளவு மீறினால் வரும் சினத்தையும் சண்டையையும் அதே அதிகாரம் எடுத்துரைக்கிறது. உணவிலும் மதுவிலும் மிதமிஞ்சுவதைத் தவிர்க்கச் செய்வது மட்டுமிதம் என்னும் நற்பண்பு எனத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2290-ஆம் எண்ணில் போதிக்கிறது. சகோதரர் இடறி விழக் காரணமாகும் என்றால் இறைச்சியையும் திராட்சை இரசத்தையும் விட்டுவிடுவது நல்லது என்று உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 14-ஆம் அதிகாரத்தில் தூய பவுல் அறிவுறுத்துகிறார்.

குடும்பத் தலைவரின் கூலி முழுவதும் குடிக்குப் போகும் வீட்டில், பிள்ளைகள் பசியோடு படுக்கும் வீட்டில், அளவைப் பற்றிப் பேசுவதற்கு ஒன்றுமில்லை. அங்கே குடி ஒரு நோயாகிவிட்டது. நோயாளியைத் திட்டினால் மட்டும் நோய் தீராது. மருத்துவ உதவி வேண்டும், மீண்டு வந்தவர்களின் ஏ.ஏ. குழுக்களின் துணை வேண்டும், குடும்பத்தின் பொறுமை வேண்டும், இறைவேண்டல் வேண்டும். குடும்ப விழாக்களில் மதுவை வைக்காமல் இருப்பதும், விட்டுவிட்டவரை "ஒரு முறை மட்டும்" என்று வற்புறுத்தாமல் இருப்பதும் நாம் ஒவ்வொருவரும் இன்றே செய்யக்கூடியவை.

படைப்பில் உள்ள ஒவ்வொரு செடியையும் அதனதன் இனத்தின்படி முளைக்கச் செய்த இறைவன், அதைப் பயன்படுத்தும் அறிவையும், போதும் என்று நிறுத்தும் உறுதியையும் நமக்குத் தருவாராக. குடியின் பிடியில் இருக்கும் ஒருவருக்காவது இந்த வாரம் பெயர் சொல்லி மன்றாடுவோம். அவருடைய வீட்டுக்கு ஒரு முறையாவது சென்று வருவோம்.